கழுத்தில் தொங்கும் 2.3 கிலோ

கேள்வி: வேடந்தாங்கலில் பறவைகளை எடுக்க நிக்கான் 200-500 லென்ஸ் வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த லென்ஸ் மட்டுமே 2.3 கிலோ. கேமராவின் வாரில் தொங்கவிட்டால் கழுத்தோடு லென்ஸ் மவுன்ட்டும் (லென்ஸ் கேமராவோடு இணையும் இடம்) பாடுபடும். மார்புக்குக் குறுக்கே போடும் வாரை வாங்கி, லென்ஸின் ட்ரைபாட் காலர் (லென்ஸைச் சுற்றியுள்ள வளையம்) பாதத்தில் மாட்டுங்கள். எடை தோளுக்கும் முதுகுக்கும் போய்விடும். நடக்க நடக்க வாரை மாட்டிய திருகு தளரும், அதுதான் பெரிய ஆபத்து. அரை மணிக்கொரு முறை திருகையும் காலர் குமிழையும் விரலால் முறுக்கிப் பாருங்கள். கேமரா வளையத்தில் ஒரு காப்புக் கயிறும் அவசியம். நடக்கும்போது ஜூமை 200-இல் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் குழல் கீழே நீண்டுவிடும்.

ஏரிக்கரையில் நின்றே எடுப்பதால் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) போதும். நடை அதிகமென்றால் நிக்கானின் 500 எம்எம் எஃப்/5.6 பிஎஃப் லென்ஸைப் பாருங்கள்: 1.46 கிலோதான், ஆனால் ஜூம் கிடையாது.