பதினைந்து ஐம்பதாகக் கேட்ட நாள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கடல்சார் தொழிற்பயிற்சியில் இரண்டாம் ஆண்டு மாணவன். கடல் வரைபட வேலையிலும் செய்முறைப் பயிற்சியிலும் ஆசிரியர்களிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். எழுத்துத் தேர்வில் ஆங்கிலமும் எனக்குத் தடையாக இருந்ததில்லை. சில மாதங்களுக்கு முன், கப்பல்கள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலிப் பயிற்சியில் நான் தொலைவை ‘ஃபிஃப்டீன்’ என்று சொன்னது ‘ஃபிஃப்டி’ என்று கேட்டுவிட, வகுப்பே சிரித்தது. அன்று முதல் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாலே தொண்டை வறண்டுவிடுகிறது. சொல்ல வேண்டியதைத் தமிழில் யோசித்து, ஆங்கிலமாக்கி, இலக்கணம் சரிதானா என்று பார்ப்பதற்குள் என் முறை போய்விடுகிறது. பல நாட்டவர் வேலை செய்யும் கப்பலில் நான் எப்படிப் பிழைப்பேன்? இந்தத் தொழிலுக்கே தகுதியற்றவனோ என்று தோன்றுகிறது.

அன்புள்ள தம்பிக்கு,

எழுத்தில் தேறுகிற உங்களுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று நான் நம்பவில்லை. அந்நிய மொழி வகுப்பில் எழும் பதற்றத்தை 1986-இல் ஆராய்ந்த எலேன் ஹார்விட்ஸும் சக ஆய்வாளர்களும் பேசும் தயக்கம், தேர்வு பயம், பிறர் தாழ்வாக எடைபோடுவார்களோ என்ற அச்சம் என மூன்றை அதனுடன் தொடர்புபடுத்தினர். உங்கள் கடிதம் முழுவதும் ஒலிப்பது அந்த மூன்றாவது அச்சம்தான்.

நீங்கள் வெட்கப்படும் அந்தப் பிழையையே சற்று நெருங்கிப் பாருங்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் கப்பல் பணிக்கென ஏற்றுக்கொண்ட நிலையான ஆங்கிலத் தொடர்புச் சொற்றொடர்களின்படி, சுக்கான் கோணம் போன்ற சிலவற்றைத் தவிர, எண்களை ‘ஒன் ஃபைவ்’ என்று ஒவ்வோர் இலக்கமாகவே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அதிகாரிக்கும் இதே விதிதான். காது ஏமாறும் என்பதை ஏற்றுக்கொண்ட தொழில் இது. சுக்கான் பிடிப்பவர் ஒவ்வோர் ஆணையையும் திருப்பிச் சொல்வதும், சரியாகக் கேட்காதவர் ‘சே அகெய்ன்’ என்று கேட்பதும் அங்கே கடமை. புரியாமலே தலையாட்டுவதுதான் ஆபத்து.

உங்களைத் தாமதப்படுத்தும் இலக்கணக் கவலைக்கும் இங்கே பெரிய இடமில்லை. அந்தச் சொற்றொடர்களில் ‘தி’, ‘ஈஸ்’ போன்ற சிறுசொற்கள் முடிந்தவரை விடப்பட்டிருக்கின்றன. ஆகவே வாக்கியத்தை மொழிபெயர்த்துக்கொண்டிராமல், ஆயத்தமாக இருப்பதை அப்படியே நாவுக்குப் பழக்குங்கள். தினமும் பத்து நிமிடம், கையில் ஒலிவாங்கிபோல் எதையாவது பிடித்துக்கொண்டு, தனியறையில் உரக்கச் சொல்லுங்கள். மனத்துக்குள் படிப்பது இதற்குப் பயன்படாது. தொண்டை இளகிய பிறகு, சிரிக்காத ஒரு நண்பரை எதிர்முனையில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நீங்கள் பேசி முடித்த பின்பே திருத்துமாறு ஆசிரியரிடம் தனியே கேளுங்கள். அப்படிக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

இதற்கிடையே தூக்கம் கெட்டாலோ, வகுப்புக்குப் போகவே மனம் மறுத்தாலோ, ஓர் உளவியல் ஆலோசகரை நேரில் பாருங்கள். அடுத்த பயிற்சியில் நீண்ட அறிக்கை எதுவும் வேண்டாம். எதிர்முனை சொன்ன எண்ணை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்வதோடு தொடங்குங்கள்.