நாடு திரும்பியோரின் ஆவணங்களும் சட்ட மாணவர்களும்: கேள்வி பதில்

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வன்னிக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு உதவும் சட்ட மாணவர்களின் கேள்விகளுக்கு வவுனியாச் சட்டத்தரணி ஒருவர் தரும் பதில்கள்.

ஐயா, இரண்டாம் ஆண்டு மாணவர்களாகிய எங்களால் உண்மையில் என்ன செய்ய முடியும்? (கிளிநொச்சி)

நீதிமன்றில் தோன்றவோ சத்தியக்கடதாசியை அத்தாட்சிப்படுத்தவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் பத்திரங்கள் அனைத்தையும் பாயில் பரப்பி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாசிக்க எங்களுக்குக் கிடைக்காத நேரம் உங்களுக்கு உண்டு. தமிழ்நாட்டுச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிய தந்தையின் பெயர் இலங்கை ஆவணத்தில் முழுமையாக இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். இரு பெயர்களும் ஒருவருக்கே உரியவை என்று காட்டும் குறிப்பைப் பிழையின்றி எழுதித் தந்தால், பிரதேச செயலகத்துக்குப் பலமுறை அலையும் ஒரு தாயின் பாரம் குறையும்.

மண்டபம் முகாமில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை உண்டா? (செட்டிகுளம்)

உண்டு, ஆனால் தானாக வராது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் பதிய வேண்டும். தக்க காரணம் இருப்பின் அமைச்சர் அக்காலத்தை நீடிக்கலாம். தந்தைவழியில் மட்டும் கிடைத்த இவ்வுரிமை 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தாய்வழியிலும் கிடைக்கிறது.

பெற்றோர் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களாயின்? (நெடுங்கேணி)

முதலில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அது குடியுரிமை வழங்கியது. இந்தியாவுக்கு அகதிகளாகச் சென்றவர்களைக் கருதி 2009இல் திருத்தப்பட்டது.

பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் பதியாத தாமதத்துக்கான காரணத்தை எவ்வாறு எழுதுவது? (மன்னார்)

நான் மிகவும் அஞ்சும் இடம் இதுதான். கடவுச்சீட்டின்றி இரவில் படகேறிய கதையே பதிவு தாமதமானதற்கான நேர்மையான காரணம். ஆனால் அங்கீகரிக்கப்படாத இடத்தினூடாக நாட்டைவிட்டு வெளியேறுவது குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்கீழ் குற்றமாதலால், அதே கதை சொன்னவரையே சிக்கவைக்கவும் கூடும். எனவே அவர் சொல்வதைப் பிறர் இல்லாத இடத்தில் கேளுங்கள். கேட்டதைக் குறிப்பேட்டில் மட்டும் எழுதுங்கள். பொறுப்பான சட்டத்தரணி பார்க்கும் முன் எந்த விண்ணப்பத்திலும் ஒரு வரிகூட நிரப்பாதீர்கள், ஒருவரிடமும் கையொப்பம் வாங்காதீர்கள்.