பழைய எடிட்டரை மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் இணையதளத்தோடு சேர்ந்தே வந்த எடிட்டர் சிகேஎடிட்டர் 4. ரொம்பப் பழசு. வேர்டில் இருந்து எதையாவது ஒட்டினால் எழுத்துரு கன்னாபின்னாவென்று மாறுகிறது. ஆனால் பக்கங்களைத் திருத்துகிறவர்களுக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. மாற்ற வேண்டுமா, ஓடுகிற வரை ஓடட்டும் என்று விடலாமா?

பதில்: மாற்றுங்கள். எழுத்துருவுக்காக இல்லை, அதைச் சகித்துக்கொள்ளலாம். சிகேஎடிட்டர் 4க்கான இலவச ஆதரவு 2023 ஜூனோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு வருகிற பாதுகாப்புத் திருத்தங்கள் காசு கட்டுகிறவர்களுக்குத்தான். உள்ளே இருக்கும் ரெண்டு மூன்று பேர் மட்டும் திருத்துகிற தளம் என்றால் தலைபோகிற அவசரம் இல்லை. பதிவு செய்த யாரும் எழுதலாம் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், பெயர் ஒன்றுதானே, 4ஐ எடுத்துவிட்டு 5ஐப் போட்டால் வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 5 அடியோடு புதிதாக எழுதப்பட்டது, 4க்கு எழுதிய பிளக்இன் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்) எதுவும் அதில் ஓடாது. பெரிய வில்லங்கம் பழைய பக்கங்களில்தான். புது எடிட்டர் பக்கத்தைத் தன் வசதிக்கு ஒரு வடிவத்தில் மாற்றி வைத்துக்கொள்ளும், பக்கத்தின் அடியில் இருக்கும் எச்டிஎம்எல் குறியீட்டில் தனக்குத் தெரியாததைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். நீங்கள் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமிப்பீர்கள், எப்போதோ யாரோ அட்டவணைக்குக் கையால் போட்டு வைத்த கிளாஸ் (அதன் தோற்றத்தை முடிவு செய்கிற பெயர்க்குறி) அதோடு போய்விடும். சேமிக்காத பக்கங்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதால் இது தெரியவே மாதக்கணக்காகலாம். ஜெனரல் எச்டிஎம்எல் சப்போர்ட் என்ற வசதியைச் சேர்த்து, எவற்றை விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

எனவே முதலில் தளத்துக்கு ஒரு நகல் எடுங்கள். இருப்பதிலேயே அலங்கோலமான பக்கத்தை அதில் புது எடிட்டரில் திறந்து, ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சேமித்து, முன்பிருந்த சோர்ஸோடு, அதாவது எச்டிஎம்எல் குறியீட்டோடு, ஒப்பிட்டுப் பாருங்கள். சிகேஎடிட்டர் 5, அதே மாதிரி இன்னொரு எடிட்டரான டைனிஎம்சிஇ எதுவானாலும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். (உங்கள் மென்பொருளை விற்கிறீர்கள் என்றால் உரிமத்தையும் படியுங்கள், டைனிஎம்சிஇ 6 கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமத்தில் இருந்தது, 7இல் இருந்து நிபந்தனைகள் கூடுதலான ஜிபிஎல்.)

கைப்பழக்கத்தை லேசாக எண்ண வேண்டாம். வேர்ட்பிரஸ் 2018 டிசம்பரில் குட்டன்பர்க் எடிட்டரைக் கொண்டுவந்தபோது, பழையதே போதும் என்றவர்களுக்காக கிளாசிக் எடிட்டர் பிளக்இன்னையும் தர வேண்டியிருந்தது. உங்கள் ஆட்கள் தினமும் தொடுகிற பொத்தான்கள் எவை என்று கேட்டு, அவற்றை மட்டும் பழைய வரிசையிலேயே அடுக்கிக் கொடுங்கள்.