தறிக்குழியில் உட்கார்ந்த அப்பத்தா

அன்புள்ள ஐயா,

சென்ற பங்குனியில் என் அப்பத்தா இறந்துபோனார். வயது 83. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு சின்ன மலர் போடவேண்டும் என்று தாத்தா ஆசைப்படுகிறார். எழுதத் தெரிந்தவள் என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். சித்தப்பா ஒரு பக்கம் எழுதித் தந்தார். "அன்பின் வடிவம், பொறுமையின் சிகரம், குடும்பத்தின் குலவிளக்கு" என்று போகிறது. அதில் அப்பத்தாவைக் காணவே காணோம்.

எங்களுக்குச் சின்னாளபட்டி. தாத்தா நெசவாளி. ஒரு சமயம் தறியை விற்றுவிட்டு வேறு தொழில் பார்க்கலாம் என்று அவர் விலைபேச ஆள் கூட்டிவந்தபோது, அப்பத்தா, நெசவாளி கால்விட்டு உட்காரும் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாராம். வந்தவர்கள் பேசாமல் திரும்பிப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் வெகுநாள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதை எழுதலாம் என்றால் சித்தப்பா, "செத்தவங்களப் பத்தி இதையா எழுதுவாங்க?" என்கிறார். தாத்தா ஒன்றும் சொல்வதில்லை, கண்கலங்குகிறார்.

என் அப்பாவும் அத்தைகளும் பிறந்தது காந்திகிராமம் கஸ்தூர்பா ஆஸ்பத்திரியில். காந்தி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவள் என்ற உரிமையில் கேட்கிறேன். மனைவியாக, தாயாக, பாட்டியாக வாழ்ந்து முடித்த ஒருவரைப் பற்றி எதை எழுதுவது, எதை விடுவது?

ம.

அன்புள்ள ம.,

அப்பத்தாவை இழந்த உங்கள் எல்லோருக்கும் என் அனுதாபம். தறிக்குழியை எழுதுங்கள். முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். சித்தப்பாவை எப்படிச் சமாதானப்படுத்துவது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் அப்பா பிறந்த ஆஸ்பத்திரிக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்களோ, அவரையே எடுத்துக்கொள்வோம். கஸ்தூர்பா 1869-இல் போர்பந்தரில் பிறந்தவர். பதின்மூன்று பதினான்கு வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. நான்கு பிள்ளைகளுக்குத் தாய். அவர் கைப்பட எழுதியது மிகக் குறைவு. அப்படிப்பட்ட ஒருவரின் குரல் இன்றைக்கும் நமக்குக் கேட்கிறது என்றால், அதற்குக் காரணம் அவர் கணவர் தங்கள் சண்டைகளை எழுதிவைத்தார் என்பதுதான். காந்தியின் சத்திய சோதனையில் கஸ்தூர்பாவைப் புகழ்ந்து எழுதிய வரிகள் எனக்கு மனதில் நிற்கவில்லை. அவர் எதிர்த்துப் பேசிய இடங்கள்தான் நிற்கின்றன.

1901-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து குடும்பம் ஊர் திரும்புகிறது. பிரிவுபசாரமாகத் தங்கமும் வெள்ளியும் வைரமும் வந்து குவிகின்றன. அவற்றில் 50 கினி (அன்றைய ஆங்கிலப் பணக் கணக்கு) மதிப்புள்ள தங்க மாலை ஒன்று, கஸ்தூர்பாவுக்கென்றே கொடுத்தது. பொதுச்சேவைக்குக் கிடைத்த பரிசைச் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாவற்றையும் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடவேண்டும் என்று காந்தி முடிவுசெய்கிறார். பிள்ளைகளை முதலிலேயே தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். அப்புறம்தான் மனைவியிடம் வருகிறார்.

கஸ்தூர்பா சளைக்கவில்லை. உங்களுக்கு வேண்டாமாக இருக்கலாம், பிள்ளைகள் நீங்கள் ஆட்டிவைத்தபடி ஆடுவார்கள், எனக்கும் வேண்டாம், ஆனால் நாளைக்கு வரப்போகும் மருமகள்களுக்கு? என்று கேட்கிறார். அப்போது கடைக்குட்டி தேவதாஸுக்கு வயது ஒன்றுதான். (1933-இல் அந்தத் தேவதாஸின் மனைவியாக வந்தவர் நம் ராஜாஜியின் மகள் லட்சுமி.) தேவைப்பட்டால் என்னிடம் கேள், நான் இருக்கிறேன் என்கிறார் காந்தி. உங்களைத் தெரியாதா எனக்கு, என் நகைகளையே வாங்கிக்கொண்டவர்தானே, என்று பதில் வருகிறது. இந்த மாலை உன் சேவைக்குக் கிடைத்ததா, என் சேவைக்கா என்று காந்தி மடக்குகிறார். அதற்குக் கஸ்தூர்பா சொன்னது எனக்கு மனப்பாடம். உங்கள் சேவை என் சேவையும்தான், இரவும் பகலும் உங்களுக்காக உழைத்தேனே, யார் யாரையோ வீட்டுக்குக் கொண்டுவந்து என் தலையில் கட்டினீர்கள், அழுதுகொண்டே அவர்களுக்கெல்லாம் செய்தேனே, அது சேவை இல்லையா?

இந்த வாதம் தன்னைத் தைத்தது என்று காந்தியே ஒப்புக்கொள்கிறார். நகைகள் போனது போனதுதான். வழக்கில் அந்த அம்மாள் தோற்றார். ஆனால் வாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்று படிக்கிற எல்லோருக்கும் தெரியும். இதெல்லாம் கஸ்தூர்பா காந்தியோடு சபர்மதி ஆசிரமத்தில் நடமாடிக்கொண்டிருக்கும்போதே, 1925-க்குப் பிறகு 'நவஜீவன்' வாரப் பத்திரிகையில் வந்தவை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். நெசவு வீடுகளில் தறியில் உட்காருபவர் ஆணாக இருந்தாலும் தார் (குறுக்கு நூல்) சுற்றுவதும் பாவு (நெடுக்கு நூல்) வேலைக்குக் கைகொடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். கூலி வாங்கும்போது கணக்கில் இருப்பது தாத்தாவின் பெயர். அந்தத் தறியை விற்கும் முடிவு அப்பத்தாவைக் கேட்டா எடுக்கப்பட்டது? மாலையைப் பற்றிக் கஸ்தூர்பா கேட்டதைத்தான் உங்கள் அப்பத்தா குழிக்குள் இறங்கி உட்கார்ந்து கேட்டிருக்கிறார். தன் உழைப்பு அதில் இருக்கிறது என்று ஒரு பெண் வாய் திறக்காமலே ஊரறியச் சொன்ன நாள் அது. சித்தப்பாவின் ஒரு பக்கத்தில் எந்த வரி இதற்கு ஈடாகும்?

சண்டையை எழுதினால் அப்பத்தா பக்கமே எப்போதும் நியாயம் இருக்கவேண்டும் என்றும் இல்லை. டர்பன் வீட்டில் 1898-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டில் தங்கியிருந்த ஒரு குமாஸ்தா, பஞ்சமர் குடும்பத்திலிருந்து வந்த கிறிஸ்தவர். அவருடைய மலசலப் பாத்திரத்தை எடுக்கக் கஸ்தூர்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. அழுதுகொண்டே எடுத்துப் போகிறார். சிரித்த முகத்தோடு செய்யவேண்டும் என்று காந்தி கத்துகிறார். உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கஸ்தூர்பா சொன்னதும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வாசல் கதவைத் திறந்து வெளியே தள்ளப் பார்க்கிறார் காந்தி. உங்களுக்கு வெட்கமில்லையா, இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள், கதவைச் சாத்துங்கள், யாராவது பார்க்கப்போகிறார்கள் என்கிறார் கஸ்தூர்பா.

அந்தப் பாத்திரத்தின் விஷயத்தில் கஸ்தூர்பாவின் மனதில் இருந்தது தீண்டாமை. அதை மறைக்க வேண்டியதில்லை. 1915-இல் அகமதாபாத் ஆசிரமத்துக்கு ஒரு தலித் குடும்பம் வந்தபோதும் அவர் முரண்டுபிடித்தார். பிறகு அந்தக் குடும்பத்துப் பெண் குழந்தை லட்சுமியே ஆசிரமத்தில் அவர்கள் மகளாக வளர்ந்தாள். ஒரு மனுஷி எங்கிருந்து எங்கே வந்தார் என்று தெரிவதற்கு, புறப்பட்ட இடத்தையும் சொல்லியாகவேண்டும். உங்கள் அப்பத்தாவிடமும் அப்படி ஏதாவது இருந்திருக்கும். இருந்தால் எழுதுங்கள்.

1913-இல் கேப் நீதிமன்றம் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று பொருள்படத் தீர்ப்புச் சொன்னபோது, சிறைக்குப் போக எனக்கு என்ன தகுதிக்குறைவு என்று கணவரிடம் கேட்டுப் புறப்பட்டார் கஸ்தூர்பா. மூன்று மாதம் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை. அதே போராட்டத்தில் சிறைசென்று நோயோடு திரும்பிய நம் தில்லையாடி வள்ளியம்மை இறந்தது 1914 பிப்ரவரி 22. கஸ்தூர்பா ஆகாகான் மாளிகைக் காவலில் இறந்தது 1944 பிப்ரவரி 22.

அவர் இறந்த சில நாட்களில் வைஸ்ராய் வேவலுக்கு எழுதிய கடிதத்தில், மனைவியின் உறுதியை ஆரம்ப காலத்தில் பிடிவாதம் என்று தவறாக நினைத்துவிட்டேன், அகிம்சை ஒத்துழையாமையை எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியை அவர், என்ற பொருளில் காந்தி எழுதுகிறார். இந்த இழப்பு நான் நினைத்ததைவிட அதிகமாக வலிக்கிறது என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. 60 ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட மணவாழ்க்கை. அதில் நடந்த சண்டைகளை நேர்மையாக எழுதிய ஒருவர் சொல்வதால்தான் அந்த ஒரு வரிக்கு இத்தனை எடை. இதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

தாய் என்று வரும்போது ஹரிலாலை விட முடியாது. அப்பாவோடு முறித்துக்கொண்டு, குடித்து, ஊர் ஊராகத் திரிந்த மூத்த மகன். ரயிலில் போய்க்கொண்டிருந்த பெற்றோரைக் கட்னி ஸ்டேஷனில் பார்க்க வந்து, கூட்டத்துக்கு நடுவில் "மாதா கஸ்தூர்பாவுக்கு ஜே" என்று கத்தி, தாய்க்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தாராம். அதைத் தன் கையால் கொடுத்தது தாய்க்கு மட்டும்தான். 1918 இன்ஃபுளுயன்சாவில் ஹரிலாலின் மனைவி இறந்தபோது, தாயில்லாத அந்தப் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கஸ்தூர்பாவிடம் வந்தது. பாட்டியாக அவர் எப்படி இருந்தார் என்பது இந்த அளவுக்கு எழுதப்படவில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. ஒரு குழந்தைக்குத் தலைபின்னிவிடும்போது என்ன பேசினார், யாரைக் கண்டித்தார், யாருக்கு ஒளித்துவைத்துத் தின்னக் கொடுத்தார் என்பதெல்லாம் பேரக்குழந்தைகள் சொன்னால்தான் உண்டு. உங்கள் வீட்டில் அந்த வேலை உங்களுடையது.

சரி, எப்படிக் கேட்பது? "அப்பத்தா எப்படிப்பட்டவங்க" என்று கேட்டால் எல்லோரும் சித்தப்பா எழுதியதையே சொல்வார்கள். எதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, யாரோடு பேச்சை நிறுத்தினார், எதை வாங்கக் கூடாது என்றார், யார் வீட்டு விசேஷத்துக்குப் போகமாட்டேன் என்றார் என்று கேளுங்கள். மருமகள்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள், ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. அத்தைகளிடம் சிறுவாட்டுப் பணத்தைப் பற்றிக் கேளுங்கள். எங்கே ஒளித்துவைத்தார், கடைசியில் அது யாருக்குப் போனது என்பதில் பாதி வாழ்க்கை இருக்கும். அடகு ரசீது, சீட்டுக் கணக்கு, மொய் நோட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் சேருங்கள். தெருவில் அவர் வயதுப் பெண்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

இனி தாத்தா. அவர் சம்மதம் இல்லாமல் தறிக்குழியை அச்சில் போடாதீர்கள். அது இரண்டு பேருடைய கதை, அதில் ஒருவர் உயிரோடு இருக்கிறார். ஆனால் அவர் கண்கலங்குவதை மறுப்பு என்று நீங்களே முடிவுகட்டவேண்டாம். சொல்ல யாரும் கேட்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன நடந்தது தாத்தா, விற்கவேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றியது என்று அவர் பக்கத்தையும் கேளுங்கள். நூல் விலையா, கடனா, பிள்ளைகள் படிப்பா? அவருக்கும் காரணம் இருந்திருக்கும். அதற்கப்புறம் முதலில் பேசியது யார், என்ன சொல்லிப் பேச்சு ஆரம்பித்தது என்பதை மறக்காமல் கேளுங்கள். போனில் பதிவுசெய்து, அவர் பேச்சு எப்படியோ அப்படியே, அவர் பெயரிலேயே போடுங்கள். இலக்கணம் திருத்தாதீர்கள். வேண்டாம் என்றுவிட்டால் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

சித்தப்பாவின் பக்கத்தையும் தூக்கி எறியவேண்டாம். மகன் எழுதியது, கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். அப்பத்தா தனியாக இருக்கும் புகைப்படம் ஒன்று கிடைத்தால் அட்டையில் போடுங்கள். நம் வீடுகளில் அது கிடைப்பது கஷ்டம்தான், கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து வெட்டித்தான் எடுக்கவேண்டியிருக்கும்.

மலர் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.