எடை குறைப்பு அறுவை, பித்தப்பைக் கல், மூலம்: கேள்விகளும் என் பதில்களும்

வந்த கேள்விகளை வரிசைப்படி எடுக்கவில்லை. ஒருவர் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலையில் இருக்கிறார், அதனால் அவருக்கு முதலில் பதில், மற்றவை அப்புறம். நான் வயிறு, குடல் அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர். உங்களையும் உங்கள் ரிப்போர்ட்டையும் நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: மனைவிக்கு ஆறு வாரத்துக்கு முன் எடை குறைக்க, இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. பத்து நாளாகத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாளாகக் கால் மரத்துப்போகிறது, எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறாள். சாப்பிடாத பலவீனம்தானே டாக்டர்?

இல்லை தம்பி. இதைப் படித்து முடிப்பதற்குள் வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். தயமின் என்கிற வைட்டமின் பி1 உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும், வாந்தி நிற்காவிட்டால் அது தீர்ந்துபோய் நரம்பும் மூளையும் அடிவாங்கும். தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சமும் அந்தச் சர்க்கரையை எரிக்கவே செலவாகி நிலைமை இன்னும் மோசமாகும். கேஷுவாலிட்டியில் நுழைந்ததும் "ஸ்லீவ் ஆனவர், பத்து நாளாக வாந்தி, பார்வை இரண்டாகத் தெரிகிறது, முதலில் தயமின் ஊசி போடுங்கள்" என்று சொல்லி டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுங்கள். ஆபரேஷன் செய்த மருத்துவருக்கும் வழியிலேயே போன் போடுங்கள். வாந்திக்குக் காரணம், ஆபரேஷனில் குழாய் மாதிரி ஆக்கிய இரைப்பை நடுவில் சுருங்கியிருப்பதாக இருக்கலாம், அதைப் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாகவே பலூன் வைத்து விரித்துவிடலாம். நரம்புக்கு அப்படிப் பொறுமை கிடையாது, தாமதித்தால் சேதம் முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

எடை குறைப்பு அறுவை ஆன எல்லோருக்கும் இது பொருந்தும். இரண்டு நாளுக்கு மேல் வாந்தி என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமே இல்லை.

கேள்வி: 96 கிலோ, உயரம் 162 செ.மீ. பத்து வருடமாகச் சர்க்கரை, இன்சுலின் போட்டும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 9-க்குக் கீழே வரவில்லை. டாக்டர் ஆபரேஷனுக்குத் தகுதி என்கிறார், இன்சூரன்ஸ்காரர்கள் அழகு சிகிச்சை என்று மறுக்கிறார்கள்.

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு, 36-க்குக் கொஞ்சம் மேலே. 2022-இல் உலக அளவிலான அறுவை மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம் என்றிருக்கிறது. நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுவதுதான் இதற்குக் காரணம். இன்சூரன்ஸுக்கு அளவுகோல் வேறு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் வகுத்த விதிப்படி பிஎம்ஐ 40 இருக்க வேண்டும், அல்லது 35 இருந்து கூடவே இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை போன்றவற்றில் ஒன்று இருக்க வேண்டும். வயது 18 தாண்டியிருக்க வேண்டும், மற்ற வழிகளில் முயன்று எடை குறையவில்லை என்பதும் தெரிய வேண்டும். நீங்கள் இதற்குள் வருகிறீர்கள் அம்மா. சர்க்கரை மருத்துவரிடம் "கட்டுப்படாத டைப் 2" என்ற சொற்களோடு கடிதம் வாங்குங்கள், பழைய எச்பிஏ1சி ரிப்போர்ட்டுகளையும் டயட் சீட்டுகளையும் இணைத்து மறுபடி எழுத்தில் விண்ணப்பியுங்கள். மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்லீவா, பைபாஸா? எனக்கு ராத்திரியில் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் உண்டு. ஸ்லீவ் செலவு குறைவு என்கிறார்கள்.

செலவை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஸ்லீவில் இரைப்பையில் நீளவாக்கில் முக்கால் பங்கை ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துவிடுகிறோம், மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கிற மேல்பகுதி வெளியே போய்விடுவதால் பசியும் குறையும். ஆனால் அந்தக் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடும், அதனால் ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது மோசமாகலாம், இல்லாதவர்களுக்குப் புதிதாகவும் வரலாம். பைபாஸில் இரைப்பையின் மேல்நுனியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலைக் கொண்டுவந்து அதில் சேர்க்கிறோம். எரிச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும், சர்க்கரை பலருக்கு எடை இறங்கும் முன்பே இறங்கத் தொடங்கும். அதற்கு விலையும் உண்டு. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் தேவை, டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளும் சிகரெட்டும் கூடவே கூடாது, மீறினால் குடலை இணைத்த இடத்தில் புண் வரும். ஸ்லீவுக்கும் மாத்திரை வேண்டும், கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான்.

முதலில் எண்டோஸ்கோப்பி செய்யுங்கள். உணவுக்குழாயின் அடியில் புண்ணோ ஹயேட்டஸ் ஹெர்னியாவோ (இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருப்பது) தெரிந்தால் உங்களுக்கு நான் ஸ்லீவ் சொல்ல மாட்டேன். எண்டோஸ்கோப்பி பார்க்காமலேயே ஸ்லீவுக்குத் தேதி கொடுக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டதே, இனி எதற்குக் கத்தி?

ஊசி நல்ல மருந்து, நானே பலருக்கு எழுதுகிறேன். 2025 மார்ச்சில் நம் நாட்டுக்கு வந்த மவுன்ஜாரோ, முழு டோஸில் 72 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 20 சதவீதம் வரை குறைத்தது. ஸ்லீவில் சுமார் 25, பைபாஸில் சுமார் 30 சதவீதம் குறையும். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும். செமாகுளுடைடு என்கிற இன்னொரு எடை குறைப்பு ஊசியை வைத்துச் செய்த ஆய்வில், நிறுத்திய ஒரே வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பிஎம்ஐ 30 உள்ளவருக்கு முதலில் ஊசி என்றால் நான் சம்மதிப்பேன். 48 இருந்து, மூச்சுத் திணறி உட்கார்ந்தே தூங்குகிறவரை ஊசியை நம்பி வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 2024-இல் சென்னையில் எடை குறைப்பு அறுவைக்குச் சேர்ந்த ஒரு இளைஞர் இறந்த செய்தியிலிருந்து வீட்டில் அம்மா சம்மதிக்கவில்லை.

அம்மாவின் பயம் நியாயமானது, அதைத் தட்டிவிடாதீர்கள். அனுபவமுள்ள இடங்களில் முதல் 30 நாளில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான். ஆனால் அது ஐசியு, அதிக எடை உள்ளவர்களைக் கையாண்டு பழகிய மயக்க மருத்துவர், ராத்திரியிலும் கூப்பிட்டால் வருகிற அறுவைக் குழு எல்லாம் இருக்கிற இடத்தின் கணக்கு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் இதையெல்லாம் அவர் முன்னாலேயே கேளுங்கள். ஸ்டேப்ளர் போட்ட இடம் கசிவதும் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதும்தான் எங்களுக்குப் பெரிய பயம். அதனால்தான் ஆபரேஷன் ஆன அன்று சாயங்காலமே கையைப் பிடித்து நடக்க வைக்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகு நாடித்துடிப்பு 120-ஐத் தொட்டாலோ, காய்ச்சல், மூச்சிரைப்பு, இடது தோளில் வலி வந்தாலோ, வயிறு வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். அதிக எடை உள்ளவர்களுக்குக் கசிவு வயிற்றுவலியாகத் தெரியாமலும் போகும்.

கேள்வி: ஸ்லீவ் முடிந்து நான்காம் நாள். கஞ்சி, இளநீர், ஜூஸ் போதுமா?

இப்போது அளவுதான் முக்கியம். இருமல் டானிக்கோடு வருகிற அந்தச் சின்ன மூடியில் ஊற்றி ஒவ்வொரு வாயாகக் குடியுங்கள், ஒரு மூடி முடிய கால் மணி நேரம் ஆகட்டும். கஞ்சியிலும் ஜூஸிலும் சர்க்கரைச் சத்துதான், புரதம் இல்லை. மருத்துவர் கொடுத்த புரதப் பவுடர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், சிக்கன் சூப் தெளிவு என்று மாற்றி மாற்றிப் போங்கள். பிற்பாடு அரை இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து மசித்து இருபது நிமிடம் சாப்பிடுகிற காலம் வரும், அப்போதும் முதல் வாய் முட்டையோ மீனோ பருப்போ பனீரோ ஆக இருக்கட்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, ஆபரேஷன் ஆகி மூன்றாம் மாதம். அடுத்த வருடம் கல்யாணம்.

எடை வேகமாக இறங்கும்போது கொட்டும், பெரும்பாலும் சில மாதத்தில் திரும்ப முளைக்கும். புரதமும் இரும்பும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கல்யாணம் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், ஆனால் குழந்தையை ஆபரேஷன் தேதியிலிருந்து 12 முதல் 18 மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். எடை குறைந்ததும் நின்றிருந்த மாதவிலக்கு திரும்பி, எதிர்பாராமல் கருத்தரிப்பவர்கள் நிறைய.

கேள்வி: மாஸ்டர் செக்கப் ஸ்கேனில் பித்தப்பையில் கல். எந்த வலியும் இல்லை. வாழைத்தண்டு சாறு குடிக்கிறேன், கரையுமா?

வாழைத்தண்டை நம் வீடுகளில் சொல்வது சிறுநீரகக் கல்லுக்கு, பித்தப்பைக்கு அந்தச் சாறு போய்ச் சேரவே சேராது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் வெளியேறும் என்று வருகிற வீடியோக்களையும் நம்பாதீர்கள், அந்த எண்ணெய்தான் குடலில் சோப்புக் கட்டியாகி வெளியே வருகிறது. வலியில்லாத கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷனே வேண்டாம், சும்மா விடலாம். சாப்பிட்ட பின் வலது விலா ஓரம் பிடித்து முதுகுக்கு ஏறுகிற வலி வந்தால் பித்தப்பையோடு எடுக்க வேண்டும், கல்லை மட்டும் எடுத்தால் திரும்ப வரும். மஞ்சள் காமாலையோடு குளிர்காய்ச்சல் வந்தால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். கல் பித்தக்குழாயில் இறங்கி அடைத்திருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி.

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது. நாலு மாதமாக மலத்தோடு ரத்தம், வலி இல்லை. ஆறு கிலோ இளைத்துவிட்டார், ஹீமோகுளோபின் 8. பஸ் ஸ்டாண்டு சுவரில் "மூலம், பவுத்திரம் ஒரே ஊசியில் குணம்" என்று ஒரு நம்பர் இருக்கிறது. போகலாமா?

வேண்டாம். மூலத்தில் வலியில்லாமல் ரத்தம் வரும், வெடிப்பில் மலம் போகும்போது கத்தியால் கீறுகிற மாதிரி வலிக்கும், பவுத்திரத்தில் ஆசனவாய் பக்கத்தில் சீழ் கசியும். மூன்றும் வேறு நோய், மூன்றுக்கும் ஒரே ஊசி இருக்கவே முடியாது. அப்படி எதையோ போட்டுக்கொண்டு ஆசனவாய் அழுகி வந்தவர்களுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன். ஆரம்ப நிலை மூலத்துக்கு நார்ச்சத்தும் ரப்பர் பேண்ட் போடுவதுமே பெரும்பாலும் போதும்.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு இப்போது மூலத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இந்த வயதில் ரத்தம், இளைப்பு, சோகை மூன்றும் சேர்ந்திருந்தால் பெருங்குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடவே கூடாது. மூலம் இருப்பது தெரிந்தாலும் குடலில் அதற்கு மேலே வேறொன்றும் இருக்கலாம். இந்த வாரமே கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) செய்யுங்கள். தனியாரில் கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல் இரைப்பைப் பிரிவுக்குக் காலையிலேயே போய், ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டைக் காட்டி, ஆறு கிலோ இளைத்ததையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அப்பாக்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.