மாத்திரை ஆன்மாவைத் தொடுமா?

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். தூக்கம் வருகிறது; ஆனால் செபமாலையை எடுத்தால் மனம் மரத்துக் கிடக்கிறது. "ஆன்மா சரியானால் உடல் தானாகச் சரியாகும், மாத்திரை விசுவாசக் குறைவு" என்கிறார் செபக்குழுவில் ஒருவர். ஆன்மா சடப்பொருள் அல்லவே, மாத்திரை அதை எப்படிக் குணமாக்கும்? என் சோகம் பாவமா?

பதில்: முதலில், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். உணர்ச்சி மரத்துப்போவது சில மருந்துகளின் பக்கவிளைவாகவும் இருக்கும். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்.

குழு நண்பர் சொல்வது பக்தியாகத் தொனிக்கிறது, அவ்வளவுதான். உடல் கூடு, ஆன்மா உள்ளே அடைபட்ட பறவை என்பது கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ வழி வந்த எண்ணம். ஆன்மாவே மனித உடலின் வடிவம், அதாவது அதை உயிருள்ள மனித உடலாக்குவது, என்று 1312-இல் பிரான்சின் வியன் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் அறிவித்தது. இரண்டு இயல்புகளை ஒட்டவைத்ததல்ல மனிதர்; இரண்டும் சேர்ந்து ஒரே இயல்பு என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 365). "என் ஆன்மா நான் அல்ல" என்றே எழுதினார் 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ்.

உங்கள் சிக்கலுக்கும் அவரிடம் விளக்கம் உண்டு. சிந்திப்பது உறுப்பின் செயல் அல்ல. ஆனால் சிந்திக்க, புலன்வழி வந்து கற்பனையில் தங்கிய உருவங்கள் வேண்டும். அவற்றுக்கு உடலுறுப்பு தேவை. அது பழுதானால் ஏற்கெனவே அறிந்ததைக்கூட நினைத்துப் பார்க்க முடியாது என்கிறார். செபமாலையின் மறையுண்மைகள், அதாவது சொல்லும்போது தியானிக்கும் நிகழ்வுகள், கேட்பது அத்தகைய உருவங்களைத்தானே: தீவனத் தொட்டி, முள்முடி, வெறுமையான கல்லறை. சோர்ந்த மூளையால் அவற்றைத் திரட்ட முடிவதில்லை. மாத்திரை வேலைசெய்வது மூளையில். அந்த மூளை உங்களுடையது, ஆகவே குணமடைவது நீங்கள்.

சாவான பாவத்துக்கு, அதாவது கடவுளிடமிருந்து பிரிக்கும் பெரும் பாவத்துக்கு, கனமான காரியம், முழு அறிவு, மனமார்ந்த சம்மதம் மூன்றும் வேண்டும். கேட்காமல் வந்த சோகத்தில் சம்மதம் எங்கே? ஆன்மிகச் சோம்பல் வேறு: அது இறைக்காரியத்தில் மட்டும் கசந்து, மற்றதில் உற்சாகமாக இருக்கக்கூடும். உங்களுக்குச் சாப்பாடு, வேலை, நட்பு எல்லாமே சுவையற்றுப் போயிருந்தால் அது நோயின் போக்கு.

சோகத்துக்கு அக்குவினாஸ் தரும் மருந்துகளில் அழுகை, நண்பரின் ஆறுதல் இவற்றோடு தூக்கமும் குளியலும் உண்டு. இப்போதைக்குச் செபமாலையின் ஐம்பது மணிகளும் வேண்டாம். பத்து மணிகள் போதும், வாய்விட்டு; தியானம் கூடாவிட்டாலும் பரவாயில்லை. அதுவும் முடியாத நாளில், இருளிலேயே முடியும் திருப்பாடல் 88 போதும். நோன்புக் கடமை நோயாளிகளைக் கட்டுப்படுத்தாது.

வாழவே வேண்டாம் என்று தோன்றினால், அடுத்த ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை தனியாக இருக்காதீர்கள்.