வாஷ்பேசினில் தெரியாது, புயலில் தெரியும்: கொரியாலிஸ் விளைவு

கேள்வி: காற்றும் பூமியோடு சேர்ந்துதானே சுழல்கிறது? பிறகு ஏன் வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாக விலகுகிறது?

பதில்: நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. 60 பாகை அட்சரேகையில் அதில் பாதிதான். தெற்கிலிருந்து வடக்கே போகும் காற்று, புறப்பட்ட இடத்தின் கிழக்கு வேகத்தையும் சுமந்து செல்வதால், மெதுவாக நகரும் தரையை முந்திக்கொண்டு கிழக்கே, அதாவது தன் வலப்பக்கம் சாய்கிறது. பூமியின் சுழற்சியால் வரும் இந்த விலகல்தான் கொரியாலிஸ் விளைவு.

பல விளக்கங்கள் இதோடு நின்றுவிடுகின்றன. அது போதாது. இந்த வேக வித்தியாசத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் உண்மை விலகலில் பாதிதான் கிடைக்கும். காற்று பூமியின் அச்சை நெருங்க நெருங்க அதன் சுழற்சி வேகம் கூடுவதால் மறுபாதி வருகிறது. கிழக்கு நோக்கி வீசும் காற்றுக்கோ காரணம் வேறு. அது பூமியைவிட வேகமாகச் சுழல்வதால் அச்சிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலின் கிடைமட்டப் பங்கு நிலநடுக்கோட்டை நோக்கி இருக்கும். கிழக்கு பார்த்துப் போகும் காற்றுக்குத் தெற்கு வலப்பக்கம்தானே! மேற்கே வீசினால் எல்லாம் தலைகீழ். காற்று வடக்கே ஒதுங்கும், அதுவும் வலம்தான். தென் அரைக்கோளத்தில் எந்தத் திசையில் போனாலும் இடப்பக்கம்.

கேள்வி: வாஷ்பேசின் நீர் வடக்கே ஒரு திசையிலும் தெற்கே எதிர்த்திசையிலும் சுழன்று வடியும் என்பது உண்மையா?

பதில்: வீட்டு வாஷ்பேசினில் இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். பூமியின் கோண வேகம் விநாடிக்கு 0.0000729 ரேடியன். அதை 2-ஆல் பெருக்கி, அட்சரேகையின் சைன் மதிப்பாலும் நகரும் வேகத்தாலும் பெருக்கினால் விலக்கும் முடுக்கம் கிடைக்கும். 30 பாகையில், விநாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஓடும் நீருக்கு இது புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. குழாய் நீர் விழுந்த வேகமும் தொட்டியின் வடிவமும் இதை எளிதாக அமுக்கிவிடும்.

அதே இடத்தில் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு நிமிடத்தில் 1.3 மீட்டர்தான் விலகும். ஒரு மணி நேரத்தில் 36 கி.மீ. கடப்பதற்குள் ஏறத்தாழ 4.7 கி.மீ. விலகிவிடும். இந்த விளைவுக்கு நேரம் வேண்டும்.

நீரில் இதைக் காட்டவே முடியாது என்றில்லை. 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொறியியல் பேராசிரியர் ஆஷர் ஷாப்பிரோ 1.8 மீட்டர் அகல வட்டத் தொட்டியில் 15 செ.மீ. ஆழத்துக்கு, வேண்டுமென்றே வலஞ்சுழியாக (கடிகார முள் சுற்றும் திசையில்) நீர் நிரப்பினார். 24 மணி நேரம் அசையாமல் விட்டு, நடுத்துளையின் அடைப்பைக் கீழிருந்து எடுத்தார். முதல் 12–15 நிமிடங்களுக்குச் சுழற்சியே தெரியவில்லை. பிறகு இடஞ்சுழியாகச் சுழன்றது. ஓரிரு மணி நேரம் மட்டுமே காத்திருந்தால், நிரப்பியபோது ஏற்பட்ட வலஞ்சுழிதான் மிஞ்சும். 1965-இல் சிட்னியில் இதே சோதனையைச் செய்தவர்களுக்கு வலஞ்சுழி கிடைத்தது.

கேள்வி: காற்று வலப்பக்கம் விலகுமென்றால், வட அரைக்கோளப் புயல் ஏன் இடஞ்சுழியாகச் சுழல்கிறது?

பதில்: நல்ல கேள்வி, பலரும் தடுக்கி விழும் இடம் இது. தாழ்வழுத்த மையத்தை நோக்கி எல்லாப் பக்கமிருந்தும் காற்று பாய்கிறது. ஒவ்வொன்றும் வலப்பக்கம் ஒதுங்குவதால் மையம் அதன் இடப்பக்கம் வந்துவிடுகிறது. மையத்தை இடப்பக்கம் வைத்துச் சுற்றுவதுதான் இடஞ்சுழி. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்பக்கம் இருக்கும் என்ற பய்ஸ் பாலட் விதி (1857) சொல்வதும் இதையே. தரையருகே உராய்வு காற்றின் வேகத்தைக் குறைப்பதால் விலகலும் குறைகிறது. அங்கே காற்று வட்டமடித்தபடியே உள்ளே நழுவுகிறது.

நிலநடுக்கோட்டில் அட்சரேகையின் சைன் மதிப்பு பூஜ்யம், அதனால் விலகலும் இல்லை. அங்கே காற்று நேராகப் பாய்ந்து தாழ்வழுத்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். அதனால் 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் தென்சீனக் கடலில் 1.4 பாகை வடக்கில் உருவான வாமெய் அப்படியொரு விதிவிலக்கு.

கேள்வி: கடல்நீர் காற்றின் திசையிலேயே ஓடாதா?

பதில்: ஓடாது. வட துருவக் கடலில் பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு வலப்புறமாக 20 முதல் 40 பாகை வரை விலகி மிதப்பதை ஃபிராம் கப்பல் பயணத்தில் (1893–96) நார்வே ஆய்வாளர் நான்சென் கவனித்தார். ஸ்வீடன் கடலியல் அறிஞர் எக்மன் 1905-இல் அதைக் கணிதமாக்கினார். காற்று தள்ளும் மேலடுக்கு நீர் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், அது காற்றின் திசைக்குச் செங்கோணத்தில் பக்கவாட்டில் நகர்கிறது. தென் அரைக்கோளத்தில் உள்ள பெரு நாட்டுக் கரையோரம் தெற்கிலிருந்து காற்று வீசும்போது மேல்நீர் இடப்பக்கம், அதாவது ஆழ்கடலை நோக்கி ஒதுங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் எழுகிறது. அங்கே நெத்திலி வகை மீன்கள் ஏராளமாகக் கிடைக்க அதுவே காரணம்.